தண்ணீருக்கு வழி விட்ட ஊர்: புதுச்சேரிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி அதிகாரிகளே, பொதுப்பணித் துறைப் பொறியாளர்களே, கட்டட அனுமதி தருகிறவர்களே, பழைய வீடு வைத்திருக்கும் ஊர்க்காரர்களே, வணக்கம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருநாள் காலையில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே நடந்து பாருங்கள். வைசியாள் வீதியானாலும் சரி, காளத்தீஸ்வரன் கோயில் வீதியானாலும் சரி. கீழே மூன்றடிக்குப் புது சிமெண்ட் பூசிய சுவர் ஒன்று கண்ணில் படும். பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய சுண்ணாம்புக் காரையில், வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். சிமெண்ட்டை விரல் முட்டியால் தட்டினால் கூடு விழுந்த சத்தம் கேட்கும். கரண்டி முனையால் நெம்பினால் பலகை மாதிரிக் கழன்று வரும். அதன் முதுகில் செங்கல்லின் முகமே ஒட்டிக்கொண்டு வரும். பூசி இரண்டு மழைக்காலம்கூட ஆகியிருக்காது.

இந்தச் சுவருக்கு வந்த கேடும், மழை நாளில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதும், கடற்கரைச் சாலைக்குக் கீழே மணல் காணாமல் போனதும் ஒரே தவறின் மூன்று முகங்கள் என்பது எங்கள் கருத்து. நகர்ந்துகொண்டே இருப்பதை நகர விட்டுக் கட்டிய ஊர் இது. நாம் அதை ஒவ்வொரு இடமாக அடைத்துக்கொண்டு வருகிறோம்.

ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. ரோமாபுரிச் சாடிகளின் உடைசல் கிடைத்த அந்த மேட்டை 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் இங்கே நிலைகொண்டது 1674. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்கோட்டுத் தெருக்களுக்கு அவர்கள் போட்ட வரைபடம் ஊரோடு தங்கிவிட்டது. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே 'பழைய புதுச்சேரி' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, 1765-க்குப் பிறகு பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலம் தொட்டு எழுந்தது. முன்பிருந்த அடித்தளங்களின் மேல், முன்பிருந்த தெருக்கோட்டில். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16.

நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால் ஊரின் வடிகால். வெள்ளையருக்கும் தமிழருக்கும் இடையே கிழித்த கோடும் அதுதான். கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய கதவும், உள்ளே தோட்டமும். மேற்கே ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், தெருவைப் பார்த்த திண்ணைகள். செட்டிமாருக்கு ஒரு பக்கம், தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள், மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள் என்று குடியிருப்பும் பிரிந்தே இருந்தது. வெளியூர்க்காரர்கள் கிழக்கே மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகைகளும் அந்தப் பக்கத்தைத்தானே காட்டுகின்றன!

இந்த ஊருக்கே உரிய வீட்டைப் பார்க்க ரங்கப் பிள்ளை வீதிக்குப் போக வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப் பிள்ளையின் வீடு. கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுக்காரர் பாணியில் காரை பூசிய தூண்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற இந்தக் கலப்பு மேற்கே பல வீதிகளில் உண்டு. முன்னால் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, நிலைக்கதவு, இடைகழி, நடுவில் முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது. அதைவிட முக்கியமாக, சுவரின் அடிப்பகுதியில் மழைச்சாரல் படாமல் காத்தது. தாழ்வாரத்தைப் பிடுங்கிவிட்டு முகப்பை 'பளிச்சென்று' ஆக்கிய வீடுகளில் சுவர் முதலில் பொரிகிற இடம் எது என்று பாருங்கள், விளங்கிவிடும்.

முதலில் தெருமட்டம். திண்ணை வீட்டின் தரை தெருவைவிட இரண்டடி, இரண்டரை அடி உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினால், ஒரு தடவைக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்தாலும் ஆறு தடவையில் முக்கால் அடி ஏறிவிடும். மூன்று படி இருந்த வாசலில் மூன்றாவது படி தாருக்குள் புதைந்து கிடக்கும். வீட்டு முற்றத்திலிருந்து இடைகழிக்கு அடியில் தெருவுக்கு வரும் தூம்பின் வாய் தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டால், மழைத்தண்ணீர் எதிர்த்திசையில், தெருவிலிருந்து முற்றத்துக்கு ஓடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு எந்த ஊரும் தாங்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 8 செ.மீ. மழைக்கும் அதே வீடுகளில் தண்ணீர் ஏறுகிறது என்றால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

தாழ்வாரத்து மரத்தூண் கல் பீடத்தின் மேல் நிற்கும். மரம் மண்ணைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கல். தெரு ஏற ஏறக் கல் புதைகிறது, மரத்தின் அடி ஈரத்தில் நிற்கிறது. உடனே ஒரு மேஸ்திரி வந்து தூணின் அடியைச் சுற்றி ஒரு அடிக்கு கான்கிரீட் வளையம் கட்டுகிறார். தூணுக்கும் வளையத்துக்கும் நடுவே இறங்கும் தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பலமாகத் தெரியும், உள்ளே மரம் தவிடாகிக்கொண்டிருக்கும். செய்ய வேண்டியது வேறு. மேலே உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூணின் சுமையை இறக்குங்கள். மக்கிய அடியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து எடுங்கள். புதுத் தேக்குத் துண்டைப் பாதிக்குப் பாதி செதுக்கி இணைத்து மர முளை அடியுங்கள். கல்லை அரை அடி உயர்த்தி, தூணின் கீழ்முகத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத்தகடு வையுங்கள். ஒரு தச்சருக்கு ஒரு தூணுக்கு ஒன்றிரண்டு நாள் வேலை.

தெருவுக்குப் பரிகாரம் இன்னும் எளிது. தார் போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. சுரண்டிய ஆழத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூட ஏற்றக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொரு வீதியிலும் நான்கைந்து வீட்டு முதற்படியை அளவுக்கல்லாக வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து கையெழுத்துப் போட்டால் போதும். எழுதியிருந்தாலும் அளக்க ஆள் இல்லாததால்தான் கெடுகிறது.

இனி சுவர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. கீழே ஈரத்தடுப்பு என்று எதுவும் கிடையாது. நிலத்தடி நீர் எட்டும் தூரத்தில் இருக்கும் கடலோர ஊரில் அடியிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைக் காற்றில் ஆறவிடும், ஈரத்தோடு வந்த உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு தானே உதிரும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கீழ்ப்பூச்சை மாற்றினால் உள்ளே செங்கல் தப்பிக்கும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்குப் போகிறது. உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை உடைக்கிறது. ஈரம் கூரைமட்டம் வரை போன சுவர்களில், சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் தேக்குச் சட்டத்தின் நுனியும் மக்குகிறது. சட்டத்தின் நடுப்பாகம் நூறு வருஷத்துக்கும் தாங்கும், விழுவது எப்போதும் நுனி போய்த்தான்.

இப்படி ஒரு சுவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்குங்கள். உப்புக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சிமெண்ட்டைக் கை உளியால் எடுங்கள். இயந்திரச் சுத்தியல் வேண்டாம், அது நல்ல செங்கல்லையும் ஆட்டிவிடும். எடுத்த பிறகு இரண்டு மூன்று மாதம் சுவரைத் திறந்தே விடுங்கள். ஆள் வைத்த செலவு வீணாகிறதே என்று அவசரப்பட்டு மறுநாளே பூசுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால்தான் புதுப் பூச்சும் நிற்பதில்லை. வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த நார்த் தூரிகையால் தட்டி, முறத்தில் வாங்கி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும்.

சுண்ணாம்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கடையில் மூட்டையில் விற்கும் வெள்ளையடிக்கும் தூள் காற்றுப்பட்டுப் பாதி செத்தது, அதில் பிடிமானம் இருக்காது. சுட்ட சுண்ணாம்பு, கிடைத்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு, வாங்கி வீட்டிலோ களத்திலோ நீற்ற வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி அணியாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. ஆறியதும் சலித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது பதினைந்து நாள் ஊறவிட வேண்டும். ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. நீறாத கட்டி உள்ளே தங்கிவிட்டால் பூசி மூன்று மாதம் கழித்து அது விரிந்து, சுவரில் பொரி பொரியாக வெடிக்கும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு மணல். கடல் மணல் ஆகவே ஆகாது. மணலை ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள், மேலே படியும் வண்டல் தடித்த ஏடாக இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் சேர்க்காதீர்கள். செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, சுவரை நனைத்து, முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மிகாமல் போடுங்கள். அது நகத்தால் கீறினால் கோடு விழும் பக்குவத்துக்கு வந்தபின் இரண்டாவது. வெயில் நேராக விழும் சுவருக்குச் சாக்குப் படுதா தொங்கவிட்டு, பத்து நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் வலைபோல் வெடிக்கும். கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து இத்தனை வேலையையும் கெடுத்துவிடாதீர்கள். சுண்ணாம்பில் நிறம் கலந்து நீர்த்தாற்போல மூன்று கை அடித்தால் போதும்.

மேல்கூரைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீடு இடிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். நம் வீடுகளில் இருப்பது கட்டைக்குத்து மாடி. தேக்குச் சட்டங்களின் மேல் சின்ன, மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கியது. அதன் மேல் செங்கல் ஜல்லி இரண்டரை பங்கும் சுண்ணாம்புக் காரை ஒரு பங்கும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடிக்கும்போது தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், ஏறத்தாழ 100 லிட்டருக்கு 3 கிலோ வெல்லம், ஒன்றரைக் கிலோ கடுக்காய். கட்டை துள்ளி எழும்பி, தடம் பதியாத வரைக்கும் அடி ஓயக்கூடாது. ஏழு நாள்கூட ஆகும். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது.

ஒழுகினால் என்ன செய்கிறார்கள்? பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன் மேலேயே சிமெண்ட் பூச்சு, சில வருஷம் கழித்து அதன் மேல் இன்னொரு வரிசை ஓடு. ஒரு அங்குல சிமெண்ட் பூச்சு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ அரை டன் எடை. இருபதுக்குப் பதினைந்து அடி அறைக்கு ஒன்றரை டன் கூடுகிறது, அதுவும் நுனி மக்கிய சட்டத்தின் மேல். மேலே ஏறி ஒழுகல் எங்கே என்று தேடுமுன் கீழே நின்று சட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொரு சட்டமும் சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய உளியால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. இருபக்கமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு நுனியை நீட்டலாம், அல்லது அந்த ஒரு சட்டத்தை மட்டும் மாற்றலாம். முழுக் கூரையையும் இடித்து கான்கிரீட் தளம் போடச் சொல்பவரிடம், அந்த எடையைச் சுண்ணாம்புச் சுவர் எப்படித் தாங்கும் என்று கணக்குக் கேளுங்கள்.

மேரி கட்டடத்தை, அதாவது கடற்கரைச் சாலையில் இருக்கும் நகராட்சி மண்டபத்தை, நினைத்துப் பாருங்கள். 1870-71-இல் எழுந்தது, வருஷக்கணக்காகப் பழுது பார்க்காமல் கிடந்து 2014 நவம்பர் 29 மழையில் சரிந்தது. பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துப் பழைய முகத்தோடு மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூம்பில் முளைத்த அரசங்கன்றை வருஷத்துக்கு ஒருமுறை வேரோடு பிடுங்கும் செலவு எவ்வளவு, இது எவ்வளவு! வெட்டினால் போதாது, தழைத்து வரும். வேர் சுவருக்குள் விரலளவு பருக்குமுன் எடுத்து, வேர் போன சந்தில் சுண்ணாம்புச் சாந்தைச் செலுத்த வேண்டும்.

ஒட்டு வீடுகளில் இன்னொரு தொல்லை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச் சுவர். பக்கத்து வீட்டை இடித்ததும், அதுவரை உள்சுவராக இருந்தது திடீரென்று வெளிச்சுவராகி மழையை வாங்குகிறது. அதன் அருகிலேயே புது அடித்தளத்துக்கு ஆழமாகப் பள்ளம் தோண்டினால், மணல் நிலத்தில் பழைய ஆழமில்லாத அடித்தளத்தின் கீழிருந்து மண் நழுவுகிறது. கட்டட அனுமதியில் இரண்டு வரி சேருங்கள். இடித்த ஒரு வாரத்துக்குள் பொதுச் சுவரைச் சுண்ணாம்பால் பூச வேண்டும். சுவரோரப் பள்ளத்தை ஒரே மூச்சில் தோண்டாமல், நாலடி நாலடியாக, ஒன்றைக் கட்டி மூடிய பிறகே அடுத்ததைத் தோண்ட வேண்டும். முகப்பை மட்டும் நிறுத்திவைத்துப் பின்னால் மாடிமேல் மாடி எழுப்புவதற்கு அனுமதி கொடுத்துவிட்டு மரபு காத்ததாகக் கணக்கெழுதுவதும் வேண்டாம். முற்றம் இல்லாத திண்ணை வீட்டுக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் ஒரு பகுதி அப்படியே மீட்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதும் வாங்கியது. தாழ்வாரங்களை மறுபடி எழுப்பியதுதான் அதில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம். பக்கத்து வீதிக்கு அது தொற்றவில்லையே என்பதுதான் குறை. நீற்றிய சுண்ணாம்பு ஊருக்குள் ஒரே இடத்தில் நியாய விலையில் கிடைத்தால் பாதிப் பேர் தாமாகவே சிமெண்ட்டை விடுவார்கள். காரை வேலை தெரிந்த கொத்தனாருக்கு சிமெண்ட் கொத்தனாரின் கூலியையே கொடுத்தால் அவர் மகன் அந்தக் கரண்டியைத் தொடமாட்டான். இதையும் அரசு விலைப்பட்டியலில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கடல் பற்றி ஒரு பத்தி. இந்தக் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திரும்புகிறது. 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கே நிறுத்திவிட்டன. அங்கே சேரும் மணலை வாரி வடக்கே போடுவது திட்டத்திலேயே இருந்தது, சரிவர நடக்கவில்லை. காந்தி சிலைக்கு எதிரே மணல் போய்க் கருங்கல் வந்தது. கருங்கல் போட்ட இடம் நின்றது, அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கோட்டக்குப்பம் என்று வடக்கே தள்ளிப்போனது. கட்டுமரம் இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் போனவர்கள் அந்தக் குப்பத்து மக்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஏறத்தாழ 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகுப் பெட்டகத்தைக் கடலுக்குள் இறக்கிய பின் அங்கே மணல் மறுபடி ஒதுங்கியது. மகிழ்ச்சிதான். ஆனாலும் தெற்கிலிருந்து மணல் வராதவரை பெட்டகம் பிடிப்பது வடக்கே இருக்கிறவர்களின் பங்கையும் சேர்த்துத்தான். முகத்துவாரத்தில் தோண்டும் மணலை லாரியில் ஏற்றிக் கட்டட வேலைக்கு அனுப்பாமல், ஒவ்வொரு ஆண்டும் குருசுக்குப்பத்துக்கு வடக்கே கரையில் கொட்டுங்கள்.

அரசுப் பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லாரும் அறிவோம். முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததற்கு மூன்றாம் நெப்போலியன் காலத்து அடையாளம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்று ஊர் சொல்லும் பெண்ணின் பெயர் அதற்கு. அரசு முத்திரையிலும் அந்த மண்டபம்தான். தண்ணீர் போகும் வழியை அடைக்கும் எந்தக் கோப்பிலும் அந்த முத்திரை குத்தப்படுவது எங்களுக்கு உறுத்துகிறது.

ஐப்பசிக்கு முன் செய்யக்கூடியது இது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாக முதற்படியிலிருந்து தார் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். எந்தத் தூம்பின் வாய் தெருவுக்குக் கீழே இருக்கிறதோ அதற்குச் சிவப்புக் குறி போடுங்கள். அந்தக் குறிகளின் உயரத்துக்குக் கீழே தெருவைச் சுரண்டி இறக்குங்கள். அளக்க ரசமட்டமும் நாடாவும் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், கூலி வேண்டாம், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பழைய வீடுகளில் வேலை செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், கட்டடப் பொறியாளர்கள்
புதுச்சேரி